ஊராட்சித் தலைவி அக்காவுக்குக் கணினி சொல்லித்தர ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் சின்ன ஊராட்சி எங்களுடையது. 2021 தேர்தலில் ஜெயித்த எங்கள் தலைவி அக்காவுக்கு ஊரின் ஒவ்வொரு குழாயும் அத்துப்படி. எந்தத் தெருவில் தண்ணீர் ஏறாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்தின் பட்டுவாடா இப்போது இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசின் ஊராட்சிக் கணக்கு இணையதளத்தில், டிஜிட்டல் கையெழுத்தில்தான். அந்தக் கையெழுத்தைப் போடும் டோக்கன், பென்டிரைவ் மாதிரி இருக்குமே, அது அவர் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் இருக்கிறது. பாஸ்வேர்டும் அவரிடம்தான். 2016-இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் கொடுத்த பிறகும் இப்படி என்றால் மனசு ஆறவில்லை.

"சொல்லித்தர ஆள் இருந்தா நானே பாத்துக்குவேன்" என்கிறார் அக்கா. சனி, ஞாயிறுகளில் வீடியோ காலில் தமிழில் பொறுமையாகச் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா? ஊராட்சி வேலை பார்த்த பெண்கள் என்றால் இன்னும் நல்லது. அப்புறம், பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தாலும் பேருதவி.