டொக்கர் கொன்டெய்னரை அழித்தாலும் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உவர்மலை வகுப்பு:

திருகோணமலை உவர்மலையில் உயர்தர ஐசிடி (தகவல் தொழில்நுட்ப) பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) பயிற்சிகளைத் திருத்துவதற்கு ஒரு பழைய டெஸ்க்டொப்பில் உபுண்டு போட்டு சேர்வராக வைத்திருக்கிறேன். 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. பிள்ளை விடையை அனுப்பியதும் பைதன் ஸ்கிரிப்ட் டொக்கரில் ஒரு போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) கொன்டெய்னரை, அதாவது மற்றவற்றிலிருந்து பிரிந்து ஓடும் ஒரு தனிப் பெட்டியை, எழுப்பி, கேள்விக்குரிய அட்டவணைகளை ஏற்றி, விடையை ஓட்டிப் பார்த்துப் புள்ளி போடும். பிறகு "டொக்கர் ஆர்எம் -எஃப்" கொடுத்து கொன்டெய்னரை அழித்துவிடும். ஒருவர் விளையாட்டாக "டிராப் டேபிள்" (அட்டவணையை அழிக்கும் கட்டளை) போட்டாலும் அடுத்தவரின் விடைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அதற்காகத்தான் ஒவ்வொரு விடைக்கும் தனிக் கொன்டெய்னர்.

இரவு 2 மணிக்கு க்ரொனில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) "டொக்கர் சிஸ்டம் ப்ரூன் -எஃப்", அதாவது பாவிக்காதவற்றைத் துடைக்கும் கொமாண்ட், ஓடுகிறது. கொன்டெய்னர் பட்டியலைக் காட்டும் "டொக்கர் பிஎஸ் -ஏ" போட்டால் ஏறக்குறைய வெறுமையாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் டிஸ்க் 96 சதவீதம். இப்போது புதுக் கொன்டெய்னர் எழும்பவே மறுக்கிறது. "--ஆர்எம்" (கொன்டெய்னர் நின்றதும் தானாக அழிக்கும் தெரிவு) போடச் சொல்வார்கள் என்று தெரியும். விடை பிழைத்தால் லொக்கை (என்ன நடந்தது என்ற பதிவை) பார்க்க வேண்டும், அதனால் தவிர்த்தேன். கரண்ட் போய் வரும் நாட்களில் ஒன்றிரண்டு கொன்டெய்னர் மிச்சம் கிடப்பதும் உண்டு, ஆனால் இவ்வளவு இடத்தை அவை பிடிக்காது.

கிண்ணியா கரை:

எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் "டொக்கர் சிஸ்டம் டிஎஃப்" என்ன சொல்கிறது? டொக்கர் எந்தப் பதிப்பு? பிள்ளைகளின் புள்ளிகளும் இதே மெஷினில்தான் இருக்கின்றனவா? இந்த மூன்றும் தெரியாமல் எதையும் அழிக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

உவர்மலை வகுப்பு:

இமேஜ் (கொன்டெய்னரை உருவாக்கும் அச்சு) 1.9 ஜிபி, கொன்டெய்னர் 0, லோக்கல் வொலியூம் (கொன்டெய்னருக்கு வெளியே டேட்டா வைக்கும் இடம்) 71 ஜிபி. பதிப்பு 20.10. புள்ளிகளும் இதில்தான். கொம்போஸ் ஃபைலில் (கொன்டெய்னர் அமைப்பை எழுதி வைக்கும் ஃபைல்) "புள்ளிகள்" என்று பெயரிட்ட வொலியூமில் இருக்கின்றன. அந்தக் கொன்டெய்னரைச் சனிக்கிழமை மட்டும் எழுப்புவேன், மற்ற நாட்களில் நிறுத்தி வைத்திருப்பேன்.

நிலாவெளி ரோடு:

71 ஜிபியும் வொலியூம்தானே. ப்ரூனோடு "--வொலியூம்ஸ்" சேர்த்து ஓட்டுங்கள், வேலை முடிந்தது.

கிண்ணியா கரை:

பொறுங்கள் தம்பி, அதை ஓட்டினால் புள்ளிகளும் சேர்ந்து போய்விடும்.

முதலில் காரணத்தைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜிலேயே, டேட்டா இருக்கும் பாதை ஒரு வொலியூம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு கொன்டெய்னருக்கும் ஒரு பெயரில்லா வொலியூம் பிறக்கும். "ஆர்எம் -எஃப்" கொன்டெய்னரை மட்டும்தான் எடுக்கும். குடியிருந்தவர் போய்விட்டார், சாமான் அறையிலேயே கிடக்கிறது என்ற கதைதான். வெறும் போஸ்ட்கிரெஸ் ஒன்றுக்கே ஏறத்தாழ 40 எம்பி. ஆயிரம் விடை திருத்தினால் 40 ஜிபி. இரவு ஓடும் ப்ரூனும் தானாக வொலியூமைத் தொடாது. நின்றுபோன கொன்டெய்னர், பாவிக்காத நெட்வேர்க், பெயரிழந்த இமேஜ், பில்ட் கேஷ் (இமேஜ் கட்டும்போது மிஞ்சுபவை) ஆகியவற்றோடு அது நின்றுவிடும்.

இனி "--வொலியூம்ஸ்" ஏன் ஆபத்து என்று பாருங்கள். உங்கள் புள்ளிக் கொன்டெய்னர் வார நாட்களில் நின்றுதான் இருக்கிறது. அதை இரவு ப்ரூன் ஏற்கெனவே அழித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். சனிக்கிழமை கொம்போஸ் புதிதாக ஒன்றை உருவாக்குவதால் உங்களுக்குத் தெரியவில்லை. கொன்டெய்னர் போனால் "புள்ளிகள்" வொலியூமை யாரும் பாவிக்கவில்லை என்றே டொக்கர் எண்ணும். 23.0 பதிப்புக்கு முன் "--வொலியூம்ஸ்" கொடுத்தால், பெயர் வைத்தது வைக்காதது என்று பார்க்காமல் பாவனையில் இல்லாத எல்லாவற்றையும் எடுத்துவிடும். 23.0 முதல்தான் பெயரில்லாதவற்றை மட்டும் எடுக்கிறது. இரண்டு பதிப்பிலும் ஒரே கொமாண்ட், விளைவு வேறு. இணையத்தில் கிடக்கும் பாதிக் குறிப்புகளில் இந்த வித்தியாசம் இல்லை, எனக்கு அதில்தான் கோபம்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் அந்தக் க்ரொன் வரியை நிறுத்துங்கள். புள்ளிகளை "பிஜி டம்ப்" (போஸ்ட்கிரெஸ் டேட்டாவை நகலெடுக்கும் கருவி) கொண்டு எடுத்து பென் டிரைவில் போடுங்கள், இந்த டிஸ்க்கில் வேண்டாம். பிறகு "டொக்கர் வொலியூம் எல்எஸ் -கியூ -எஃப் டாங்லிங்=ட்ரூ" போட்டால் யாருடனும் இணைக்கப்படாத வொலியூம்களின் பட்டியல் வரும். "புள்ளிகள்" என்பதும் அதில் இருக்கலாம், பயப்பட வேண்டாம். பெயரில்லாதவற்றுக்கு டொக்கரே 64 எழுத்துப் பெயர் ஒன்று வைத்திருக்கும். கிரெப் என்ற கொமாண்டில் சரியாக 64 எழுத்துள்ளவற்றை மட்டும் வடிகட்டி, பட்டியலைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, "டொக்கர் வொலியூம் ஆர்எம்"முக்குக் கொடுங்கள்.

நிலாவெளி ரோடு:

சரி நானா, பதிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. அப்படியென்றால் டிஸ்க்கில் எழுதவே விடாமல் செய்யலாமே? டேட்டா பாதையில் "--டிஎம்பிஎஃப்எஸ்" போட்டால் எல்லாம் ரேமிலேயே இருக்கும், கொன்டெய்னரோடு சேர்ந்து மறைந்துவிடும். திருத்தும் வேகமும் கூடும். எப்படியும் தூக்கி எறியப்போகிற டேட்டாபேஸ், எஃப்சிங்க்கையும் (டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்யும் வசதி) ஓஃப் பண்ணிவிடலாம்.

கிண்ணியா கரை:

இது நல்ல யோசனை, நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு எச்சரிக்கை மட்டும். டிஎம்பிஎஃப்எஸ்ஸில் எழுதுவதும் அந்தக் கொன்டெய்னரின் மெமரிக் கணக்கில்தான் சேரும், ஆகவே "--மெமரி" எல்லையைச் சற்றுத் தாராளமாக வையுங்கள். 8 ஜிபி மெஷினில் ஒரே நேரத்தில் எத்தனை விடை ஓடலாம் என்பதையும் ஸ்கிரிப்டில் கட்டுப்படுத்துங்கள். மற்றது, போஸ்ட்கிரெஸ் 18 இமேஜில் வொலியூம் பாதை மாறியிருக்கிறது. முன்பு கடைசியில் "டேட்டா" என்று வரும், இப்போது அதற்கு ஒரு படி மேலே. பழைய பாதையையே கொடுத்தால் டிஎம்பிஎஃப்எஸ் வீண்.

உவர்மலை வகுப்பு:

நன்றி நானா. இரவு ப்ரூன் புள்ளிக் கொன்டெய்னரை அழிக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி, பார்த்தேன், உண்மைதான். இன்னும் ஒன்று. சில பிள்ளைகள் "வித் ரிகர்சிவ்" (தன் விடையையே திரும்பத் திரும்பப் பாவிக்கும் கேள்வி) எழுதும்போது முடிவே இல்லாமல் சுற்ற விட்டுவிடுகிறார்கள். "ஸ்டேட்மென்ட் டைம்அவுட்" (ஒரு கட்டளை ஓடக்கூடிய நேர எல்லை) 10 செக்கன் வைத்தேன், அதைத் தாண்டியும் சிலது ஓடுகிறது. இதில் "--ஆர்எம்" உதவுமா?

கிண்ணியா கரை:

உதவாது. "--ஆர்எம்" என்பது கொன்டெய்னர் நின்ற பிறகு அதையும் அதன் பெயரில்லா வொலியூமையும் எடுப்பதற்கு. நிறுத்துவது அதன் வேலை இல்லை. பைதன் ஸ்கிரிப்ட் இடையில் செத்தாலும் போஸ்ட்கிரெஸ் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் கொன்டெய்னர் உங்கள் ஸ்கிரிப்டின் பிள்ளை இல்லை, பின்னணியில் எப்போதும் ஓடும் டொக்கர் டீமனின் பிள்ளை. டைம்அவுட் தாண்டியதற்குக் காரணம், விடைக்குள்ளேயே "செட் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் = 0" என்று யாரோ எழுதியிருப்பார்கள். சாதாரண பயனரே அதை மாற்றலாம். கெட்டிக்காரப் பிள்ளை, அவருக்குக் கூடுதலாகப் புள்ளி போடுங்கள்.

ஆகவே வேலி வெளியே இருக்க வேண்டும். நான் செய்வது இப்படி: கொன்டெய்னரை உருவாக்கும்போதே இரண்டு லேபல் ஒட்டுவேன். ஒன்று "தற்காலிகம்", மற்றது "முடிவு", அதாவது எந்த நேரத்துக்குமேல் இது உயிரோடு இருக்கக்கூடாது என்ற யுனிக்ஸ் நேரம் (செக்கன்களில் எண்ணும் கணினி நேரம்). தனியாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் "தற்காலிகம்" லேபல் உள்ளவற்றை மட்டும் எடுத்து, முடிவு நேரம் கடந்திருந்தால் "ஆர்எம் -எஃப் -வி" கொடுக்கும். அந்த "-வி"தான் பெயரில்லா வொலியூமையும் சேர்த்து எடுக்கும், பெயர் வைத்ததைத் தொடாது. லேபல் இல்லாத எதையும் ஸ்கிரிப்ட் தொடாது என்பதால் புள்ளிகளைப் பற்றிய கவலை இல்லை. சோதனைகளுக்குக் கொன்டெய்னர் எழுப்பும் டெஸ்ட்கொன்டெய்னர்ஸ் என்ற லைப்ரரியும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. ரியூக் என்று ஒரு காவல் கொன்டெய்னர், இணைப்பு அறுந்து 10 செக்கன் ஆனதும் லேபலைப் பார்த்துத் துடைத்துவிடும்.

பைதனில் "ஃபைனலி" பகுதியில் (பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) லொக்கை ஃபைலுக்கு எழுதிவிட்டு அழியுங்கள். லொக்குக்காகக் கொன்டெய்னரைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை. ஆனால் கரண்ட் போனால் "ஃபைனலி" ஓடாது, "கில் -9" (உடனே கொல்லும் கொமாண்ட்) கொடுத்தாலும் ஓடாது. வெளியே வேலி கேட்பது அதனால்தான். துடைக்கும் ஸ்கிரிப்டை க்ரொனில் 2 மணிக்கு வைத்தால், அந்நேரம் மெஷின் அணைந்திருந்தால் அன்றைக்கு அது ஓடவே ஓடாது. சிஸ்டம்டி டைமர் (லினக்ஸில் நேரம் பார்த்து வேலையை ஓட்டும் இன்னொரு வசதி) போடுங்கள், பூட் ஆகி 1 நிமிடத்தில் ஒருமுறை, பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை.

நிலாவெளி ரோடு:

பழைய மதர்போர்ட் என்றால், மெஷின் அணைந்திருக்கும்போது நேரத்தைக் காக்கும் பயோஸ் பட்டரியையும் பாருங்கள். செத்துப்போன பட்டரியோடு கரண்ட் வந்தால் மெஷின் ஏதோ பழைய வருடத்தில் கண் விழிக்கும். நேரம் சரியாகும்வரை "முடிவு" லேபல் எல்லாம் எதிர்காலத்தில் இருக்கும், ஒன்றும் துடைபடாது.

உவர்மலை வகுப்பு:

71 ஜிபி 300 எம்பிக்குக் கீழே வந்துவிட்டது, புள்ளிகள் பத்திரம். டிஎம்பிஎஃப்எஸ், லேபல், டைமர் மூன்றையும் போட்டேன். வகுப்பு நடக்கும்போதே பவரைப் பிடுங்கிப் பார்த்தேன், மீண்டும் எழும்பிச் சற்று நேரத்தில் எல்லாம் துடைபட்டிருந்தது. "முடிவு" நேரம் 3 நிமிடம் என்று வைத்திருக்கிறேன், போதுமா? பிறகு, டொக்கர் தன் இமேஜ்களை வைக்கும் "ஓவர்லே2" ஃபோல்டரும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அதைக் கையால் அழிக்கலாமா?

கிண்ணியா கரை:

3 நிமிடம் தாராளம். ஓவர்லே2 ஃபோல்டரைக் கையால் தொடவே வேண்டாம், டொக்கரின் கணக்கும் டிஸ்க்கில் இருப்பதும் பொருந்தாமல் போய் இமேஜே எழும்பாது. அதில் இருப்பது உங்கள் 1.9 ஜிபி இமேஜ்தான். பழைய போஸ்ட்கிரெஸ் பதிப்பு ஏதும் கிடந்தால் "டொக்கர் இமேஜ் ஆர்எம்" போதும்.