தாத்தா காரின் டேஷ்போர்டு மரம்

குழு: முத்தியால்பேட்டை பெரிய வீடு

செந்தில்: தாத்தா சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூருக்குப் பென்ஸிலேயே போக வேண்டும் என்கிறார். டேஷ்போர்டு மரம் இந்தக் கதியில் இருக்கிறது, பாருங்கள்

செந்தில்: [படம்]

வாணி அத்தை: ஐயோ

தீபா: பாளம் பாளமாக வெடித்திருக்கிறதே!

லட்சுமி பெரியம்மா: சமையலுக்கு யாரிடம் சொல்லியிருக்கிறது?

குமார் சித்தப்பா: பயப்படாதீர்கள். வெடித்திருப்பது மரம் இல்லை, மேலே அடித்த லேக்கர், அதாவது பளபளப்புப் பூச்சு. இது 240டி, டபிள்யூ 123 மாடல், 1982 வண்டி. அதில் ஜீப்ரானோ என்று மேற்கு ஆப்பிரிக்க மரத்தின் வினீர், அதாவது மெல்லிய மரத்தகடு ஒட்டியிருப்பார்கள், வரிக்குதிரை மாதிரி கோடு கோடாக இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டிவிடும். வருடக்கணக்கில் அப்படிக் காய்ந்தால் லேக்கர் மஞ்சளாகி, வெடித்து, உதிரும். அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் மரம் நன்றாகவே இருக்கும்

ரவி பெரியப்பா: வெயிலில் நின்றது என் வீட்டு வாசலில்தான். நேராகவே சொல்லிவிடு

குமார் சித்தப்பா: அண்ணா, நான் அப்படி நினைக்கவே இல்லை

ரவி பெரியப்பா: ஷெட் போடப் பணம் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை

குமார் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வாணி அத்தை: இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டீர்களா. அப்பா இந்தக் குழுவில் இருக்கிறார்

செந்தில்: மர டிசைன் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரே நாளில் முடியும். 600 ரூபாய்

குமார் சித்தப்பா: வேண்டாம்டா. அசல் மரத்தின் மேல் ஸ்டிக்கரா?

வாணி அத்தை: எங்கள் கட்டிலுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போட்டவர் மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறார். கேட்கட்டுமா?

குமார் சித்தப்பா: அது அரக்கு, வாணி. கட்டிலுக்கு அழகு. காருக்குள் சூட்டில் இளகும், ஈரம் பட்டால் வெளுக்கும். போன தடவை ஒரு கடையில் கியர் பக்கத்துக் கன்சோல் மூடியைக் கொடுத்து என்ன ஆனது? மிஷின் வைத்துத் தேய்த்தார்கள், ஓரத்தில் வரியே போய் அடிக்கட்டை தெரிகிறது. வினீர் ஒரு மில்லி கூட இருக்காது. சூடான காற்று ஊதும் ஹாட் கன்னில் லேசாகச் சூடு காட்டி லேக்கரை மட்டும் வழிக்க வேண்டும், சூடு கூடினால் பசை விட்டு வினீர் கிளம்பிவிடும். அப்புறம் 320 உப்புத்தாளைக் கையால், வரி ஓடும் பக்கமாகவே போட வேண்டும். அதன் மேல் கார் கிளியர், அதாவது நிறமில்லாத பூச்சு 6 கோட், நன்றாகக் காய்ந்ததும் 1000, 2000 வாட்டர் பேப்பர், கடைசியில் காம்பவுண்டு போட்டுப் பளபளப்பாக்க வேண்டும். ஸ்பிரேயைப் பெயிண்டர் அவர் பூத்திலேயே அடிக்கட்டும். கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்கு ஆகாது, அண்ணனுக்கு வீசிங் வேறு

தீபா: எத்தனை நாள் ஆகும் சித்தப்பா?

குமார் சித்தப்பா: மூன்று வாரம். புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கிளியர் குமிழ் விடும்

லட்சுமி பெரியம்மா: மழை என்றால் பந்தல்காரரிடமும் சொல்ல வேண்டுமே

வாணி அத்தை: திருக்கடையூரில் எதற்குப் பந்தல்?

லட்சுமி பெரியம்மா: மறுநாள் வீட்டு விருந்துக்கு

தீபா: ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டையின் இடது ஓரத்தில் "தீ" என்று ஒரு கீறல் இருக்கும். ஏழு வயதில் காம்பஸால் நான்தான் எழுதினேன். பழியைச் செந்தில் மேல் போட்டுவிட்டேன்

செந்தில்: 🙂 அதற்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது அக்கா

தீபா: சாரிடா

குமார் சித்தப்பா: அது லேக்கரைத் தாண்டி மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. தேய்த்துப் போகாது, ஆனால் நிறம் கலந்த பட்டி வைத்து மறைத்துவிடலாம்

தாத்தா: [குரல் செய்தி 0:41]

ரவி பெரியப்பா: ஒன்றும் புரியவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது

வாணி அத்தை: நான் கேட்டுவிட்டேன். எழுத்து அப்படியே இருக்கட்டும், பட்டி வைக்காதே என்கிறார். தினமும் அதைத் தடவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்கிறார்

தீபா: தாத்தா...

குமார் சித்தப்பா: சரிப்பா. தொட மாட்டேன்

செந்தில்: அப்போது பென்ஸ் திருக்கடையூருக்கு வருகிறதா? பிரேக்கையும் பார்க்க வேண்டுமே

வாணி அத்தை: வந்தால் கடலூரில் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள், பாடலீஸ்வரர் கோயில் வாசலில் நிற்கிறேன்

லட்சுமி பெரியம்மா: ஏற்கெனவே ஐந்து பேர் ஆகிவிட்டது வாணி

வாணி அத்தை: யார் யார்?

ரவி பெரியப்பா: குமார், மரத்தைச் சுரண்ட இடம் இருக்கிறதா?

குமார் சித்தப்பா: லாஸ்பேட்டை வாடகை வீட்டில் ஏது அண்ணா. பால்கனிதான்

ரவி பெரியப்பா: என் மாடி அறை காலியாகக் கிடக்கிறது. ஈரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வா, பட்டையைக் கழற்றும்போது நானும் பிடித்துக்கொள்கிறேன்

குமார் சித்தப்பா: காலை 8 மணிக்கு வருகிறேன் அண்ணா

லட்சுமி பெரியம்மா: இட்லி வைக்கிறேன். சமையல்காரர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை