வயலைக் கடந்ததும் ஓடைப் பூச்சிகள் குறைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். காட்டுச் சிற்றோடையில் கல்லைப் புரட்டினால் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை எனும் பறக்கும் பூச்சிகளின் நீரில் வாழும் இளம்பூச்சிகள் ஏராளமாகத் தென்படுகின்றன. அதே ஓடை விளைநிலத்தைக் கடந்த பிறகு, தண்ணீர் தெளிவாக இருந்தும், அவை அருகிவிடுகின்றன. காரணம் உரமா, பூச்சிக்கொல்லியா?

மறுமொழி 1:
முதலில் வண்டலைப் பாருங்கள். உழுத நிலத்திலிருந்து மழையில் அரித்து வரும் நுண்மண், கற்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை அடைத்துவிடுகிறது. அவ்விடுக்குகளே இவற்றின் வாழிடம். மேஃப்ளையின் வயிற்றுப் பக்கங்களில் செவுள்கள் படபடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றின்மீது மண் படிந்தால் சுவாசம் தடைப்படும். மேல்நீர் தெளிந்த பின்னும் அடியில் படிந்தது அப்படியே கிடக்கும்.

மறுமொழி 2:
உண்மை. கரையோர மரங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிழல் மிகுந்த சிற்றோடையில் உணவின் பெரும்பகுதி உதிர்ந்த இலைகளிலிருந்தே வருவதால், மரங்களை வெட்டும்போது இலையைத் துண்டாக்கித் தின்னும் உயிர்கள் முதலில் பட்டினியாகின்றன. வெயிலும் நேரே விழுகிறது: 10 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நீரில், 20 பாகையில் 9 மில்லிகிராமே கரையும். உரச்சத்தும் சேர்ந்தால் பாசி தழைத்து, இரவில் அது சுவாசிப்பதால் ஆக்சிஜன் மேலும் குறையும். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் கொண்ட சிவப்புக் கைரோனோமிட் புழுக்கள் (கொசு போன்ற ஒரு பூச்சியின் இளம்பருவம்) அதையும் தாங்கிப் பெருகும். மொத்த எண்ணிக்கை குறையாமலே இனங்கள் மறைவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பூச்சிக்கொல்லிக்குப் பங்கில்லையா?

மறுமொழி 1:
நிச்சயமாக உண்டு. நீரில் எளிதில் கரையும் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி, மிகக் குறைந்த செறிவிலேயே மேஃப்ளைகளைப் பாதிக்கும். மழைநீரோடு அது சில மணி நேரத்தில் கடந்துவிடக்கூடும் என்பதால், மழை பெய்யும்போதே நீர் மாதிரி எடுங்கள்.