433 சென்சார்ல இருந்து ஜிக்பீக்கு மாறினவங்க இருந்தா உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வணக்கம். திருச்சியில தனி வீடு, கீழ நாங்க இருக்கோம், மாடி பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். பல வருஷமா 433 மெகாஹெர்ட்ஸ் அலாரம் கிட் ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது, கதவுக்கு மேக்னட் சென்சார், ஹாலுக்கு மோஷன் சென்சார், ஒரு சைரன், சாவிக்கொத்துல மாட்டுற ரிமோட். இப்ப எல்லாத்தையும் கழட்டிட்டு ஜிக்பீக்கு மாத்தியாச்சு, அது சென்சாரும் கன்ட்ரோலரும் ரெண்டு பக்கமும் பேசிக்கிற இன்னொரு வயர்லெஸ் முறை. ஹோம் அசிஸ்டென்ட்னு வீட்டு சாதனங்களை இயக்குற மென்பொருள் வச்சு தானே செட் பண்றவங்க நிறைய பேர் இதே யோசனையில இருப்பீங்க, அதான் எழுதுறேன்.

மாத்தினதுக்கு முதல் காரணம் மாடிக் கதவு. அலாரம் ஆன்ல இருக்கு, கதவைத் திறக்குறோம், அலாரத்தோட மெயின் பெட்டியான பேனல்ல ஒரு சத்தமும் இல்ல. சென்சாரைப் பிரிச்சா உள்ள 12 வோல்ட் குட்டி பேட்டரி செத்துக் கிடக்கு, எப்ப செத்துச்சுன்னு சொல்ல வழியே இல்ல. இந்த வகை சென்சார்ல டிரான்ஸ்மிட்டர் மட்டும்தான் இருக்கும், ரிசீவர் கிடையாது. கதவு திறந்தா ஒரு கோடை அனுப்பிட்டுத் தூங்கிடும், அது பேனலுக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. பேனல் பக்கம் பாத்தா இன்னும் மோசம், சிக்னல் வரலைன்னா கதவு மூடியிருக்குன்னு அர்த்தமா சென்சார் போயிடுச்சுன்னு அர்த்தமான்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கவே முடியாது. பாதுகாப்புக்குன்னு மாட்டின ஒரு பொருள் செத்தாலும் நல்லா இருந்தாலும் ஒரே மாதிரி இருக்குன்னா அதை நம்பித் தூங்க எனக்கு மனசு வரல.

ரெண்டாவது, உள்ள இருக்கற இவி1527 சிப். அதுல 20 பிட் ஐடி, 4 பிட் டேட்டா, அவ்வளவுதான், ஒவ்வொரு தடவையும் அதே கோடுதான் போகும். டிவி ட்யூனர் மாதிரி யூஎஸ்பி டாங்கிள் ஒண்ணும் ஆர்டிஎல்433 மென்பொருளும் இருந்தா காத்துல போறது அப்படியே ஸ்க்ரீன்ல வந்துடும். எங்க ரிமோட்டோட ஆஃப் பட்டன் கோடைப் பிடிச்சு, ஆர்டுயினோன்னு ஒரு குட்டி கன்ட்ரோலர் போர்டுல சின்ன டிரான்ஸ்மிட்டர் மாட்டி திருப்பி அனுப்பிப் பாத்தேன், அலாரம் ஆஃப் ஆயிடுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஜிக்பீயில 128 பிட் ஏஇஎஸ் என்க்ரிப்ஷன், அதாவது தகவல் பூட்டியே போகும், மெசேஜுக்கு மெசேஜ் கவுன்ட்டர் ஏறிட்டே போகும், பழசைப் பிடிச்சுத் திருப்பி விட்டா ஏத்துக்காது. சென்சார் அனுப்பினதுக்கு பதிலும் வரும், பதில் வரலைன்னா மறுபடி அனுப்பும். கதவு ஒண்ணும் அசையலைன்னாலும் நான் இருக்கேன்னு அப்பப்ப தகவல் கொடுக்கும், நான் வாங்கினது ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை கொடுக்குது. எனக்கு வேண்டியது அதுதான். யாராவது இரைச்சல் கிளப்பி சிக்னலை ஜாம் பண்ணினா இதுவும் படுக்கும், ஆனா படுத்துச்சுன்னு நமக்குத் தெரியும்.

செட் பண்றவங்களுக்கு சில விஷயம். ஜிக்பீ சிக்னல் வாங்குற யூஎஸ்பி டாங்கிளை நேரா கம்ப்யூட்டரோட யூஎஸ்பி 3 போர்ட்ல சொருகாதீங்க, அந்த போர்ட்டே ஜிக்பீ ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைங்க. டாங்கிளை ஹோம் அசிஸ்டென்ட்டோட இணைக்கிற ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருள் சும்மா விட்டா சேனல் 11ல உட்காரும், அது வைஃபை சேனல் 1 மேலேயே விழுது, சென்சார் சேர்க்கறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, நான் 25ல வச்சிருக்கேன். என்க்ரிப்ஷனுக்கான ரகசிய எண்ணான நெட்வொர்க் கீயையும் புதுசா உருவாக்கச் சொல்லுங்க, பழைய செட்டப்ல இருக்கற டீஃபால்ட் கீ இன்டர்நெட்ல எல்லாருக்கும் தெரியும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், நம்ம ஊருக்குன்னே உள்ளது. பேட்டரி சென்சார் சிக்னலைக் கடத்தாது, கரண்ட்ல ஓடுற ஸ்மார்ட் பிளக்தான் கடத்தும். கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்குப் போகணும்னு மாடிப்படி கிட்ட ஒரு பிளக் வச்சேன். நல்லா ஓடுச்சு. கரண்ட் போனதும் மாடி சென்சார் எல்லாம் காணோம், ஏன்னா அந்த பாயின்ட் இன்வெர்ட்டர் லைன்ல இல்ல. டாங்கிளும் ரவுட்டரும் யூபிஎஸ்ல இருந்து என்ன பிரயோஜனம். பெரிய 16 ஆம்ப் பிளக் எல்லாம் பொதுவா கீசர், ஏசிக்குன்னு தனி லைன்ல இருக்கும், அதுல வைக்காதீங்க, ஃபேன் லைட் ஓடுற இன்வெர்ட்டர் லைன்ல உள்ள 6 ஆம்ப் பாயின்ட்ல வைங்க.

*

அண்ணா, இன்வெர்ட்டர் லைன் விஷயம் சொன்னீங்களே, அதுக்கே நன்றி, எங்க வீட்டுல போன வாரம் சென்சார் காணாமப் போனதுக்கு அதுதான் காரணம் போல, இன்னைக்கே பாக்குறேன்.

நான் கோவை, அப்பா அம்மா பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து வீட்டுல தனியா இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதைக் கத்துக்கிட்டேன். எங்க பிரச்சனை ரேடியோவே இல்லீங்க, பல்லி! மோஷன் சென்சார் லென்ஸ் மேல பல்லி ஓடினா போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு சைரன், அம்மாவுக்கு பிபி வேற. சென்சார் உடம்புச் சூடு நகர்றதைத்தான் பாக்குது, கண்ணு கிட்டயே நகர்ற சின்ன ஜீவன் அதுக்கு தூரத்துல வர்ற ஆள் மாதிரிதான். டியூப்லைட்டுக்கு பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், அதனால லைட்டை விட்டுத் தள்ளி எதிர் மூலைக்கு மாத்தினோம், சென்சார் பின்பக்க ஓட்டையில எறும்பு புகாம சிலிகான் அடைச்சோம். அப்புறம் ஆட்டோமேஷன்ல ஒரே சென்சாருக்கு சைரன் அடிக்காது, கதவு சென்சாரோ ரெண்டாவது மோஷனோ அரை நிமிஷத்துக்குள்ள சேர்ந்து சொன்னாத்தான் அடிக்கும், ஒண்ணு மட்டும்னா என் போனுக்கு மெசேஜ் மட்டும் வரும். அப்பா இப்பத்தான் அலாரத்தை ராத்திரி ஆன் பண்றாரு, முன்னாடி ஆஃப் பண்ணி வச்சிட்டே படுத்துடுவாரு.

சித்திரை வெயில்ல ஓட்டு வீட்டுக்குள்ள சுவர், தரை எல்லாம் உடம்புச் சூட்டுக்கே வந்துடுது, அப்ப மோஷன் சென்சாருக்கு ஆள் நடந்தாலும் வித்தியாசம் சரியாத் தெரியல. இதுக்காக எல்டி2410 ரேடார் வாங்கிப் போட்டேன், அது சூடு பாக்காது, 24 கிகாஹெர்ட்ஸ்ல அசைவு பாக்கும். ஆனா ஃபேன் காத்துல திரை ஆடினா ஆள்னு சொல்லுது. பாத்ரூம் லைட்டுக்கு அருமை, அலாரத்துக்கு நான் சேர்க்கல.

மழைக்காலத்துல மரக்கதவு உப்பும், நிலைக்கும் கதவுக்கும் நடுவுல இடைவெளி மாறி மேக்னட் எட்டாமப் போகும். ஒட்டும்போதே நெருக்கமா ஒட்டுங்க.

*

டல்லாஸ்ல இருந்து எழுதுறேன். இங்க வாங்கின வீட்டுல முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன ஹனிவெல் 5800 வரிசை சென்சார் ஜன்னலுக்கு ஜன்னல் இருந்துச்சு, 345 மெகாஹெர்ட்ஸ். மாசச் சந்தா கட்ட இஷ்டமில்ல, நல்லா இருக்கற சென்சாரைத் தூக்கிப் போடவும் மனசு வரல. அதே ஆர்டிஎல்433 வச்சு படிச்சு எம்க்யூடிடிங்கற தகவல் பரிமாற்ற முறை வழியா ஹோம் அசிஸ்டென்ட்டுக்கு அனுப்புறேன். இதுவும் ஒருவழிதான், என்க்ரிப்ஷன் இல்ல, ஆனா சூப்பர்விஷன் சிக்னல்னு தானா ஒண்ணு அனுப்பிட்டே இருக்கும், அதனால திருச்சி தம்பி சொன்ன செத்துக் கிடக்குற பயம் இல்ல. ஜன்னலுக்கு இதை வச்சுக்கிட்டு, வாசக்கதவு, கராஜ் ரெண்டுக்கு மட்டும் என்க்ரிப்ஷன் உள்ளதா மாத்தினேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தணும்னு அவசியமில்ல.

ஊருக்கு வரும்போது சொந்தக்காரங்களுக்கு இங்கிருந்து இசட்-வேவ்னு இன்னொரு வயர்லெஸ் முறையில ஓடுற சென்சார் வாங்கிட்டு வர்றவங்க கவனிங்க. அமெரிக்காவுல அது 908.4 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுல 865.2. இந்தியாவுக்கான கன்ட்ரோலரோட பேசவே பேசாது, உரிமம் இல்லாம அந்த அமெரிக்க அலைவரிசையை இந்தியாவுல பயன்படுத்தவும் கூடாது. ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸ், ரெண்டு ஊர்லயும் ஓடும், அதை வாங்கிட்டுப் போங்க.

*

திருச்சிதான் மறுபடியும். பொள்ளாச்சி அக்கா சொன்ன ரெண்டு சென்சார் சேர்ந்தா மட்டும் சைரன்ங்கறதை இன்னைக்கே போட்டுட்டேன், ரொம்ப நல்ல யோசனை.

சென்சார் செத்தா எப்படித் தெரிஞ்சுக்குறதுன்னு ஒருத்தர் தனி மெசேஜ்ல கேட்டிருந்தீங்க. ஜிக்பீ2எம்க்யூடிடியில அவைலபிலிட்டின்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணணும். பேட்டரி சாதனத்துக்கு டீஃபால்ட் 25 மணி நேரம், அதாவது அவ்வளவு நேரம் பேசாம இருந்தாத்தான் ஆஃப்லைன்னு காட்டும். அலாரத்துக்கு அது ரொம்ப அதிகம்னு நான் 3 மணி நேரமாக் குறைச்சேன், மணிக்கு ஒரு தடவை பேசுற சென்சார் மூணு தடவை விட்டா போனுக்கு மெசேஜ் வரும். உங்க சென்சார் எவ்வளவு இடைவெளியில பேசுதுன்னு ரெண்டு நாள் பாத்துட்டு வைங்க, இல்லைன்னா வெறும் பொய் அலாரமா வரும். பேட்டரி சதவீதத்தை மட்டும் நம்பாதீங்க, காயின் பேட்டரி வோல்டேஜ் கடைசி வரைக்கும் நல்லாக் காட்டிட்டு திடீர்னு விழும்.

இன்னும் எனக்குச் சரி வராதது வாசல் இரும்பு கேட். இரும்பு மேலேயே ஒட்டினா மேக்னட் பலம் கதவுக்குள்ளயே போயிடுது, சென்சார் வரைக்கும் எட்டல. யாராவது பண்ணியிருக்கீங்களா?

*

பண்ணியிருக்கேன் அண்ணா. மேக்னட்டுக்கு அடியில அரை இன்ச் மரக்கட்டையோ ரப்பரோ வச்சு இரும்புல இருந்து தூக்கி ஒட்டுங்க, சென்சார் பக்கத்தை கேட்ல வைக்காம சுவர்த் தூண்ல வைங்க, சிக்னலும் மறையாது. மழை படுற இடம், தூசி, தண்ணி புகாத ஐபி65 டப்பாவுல போட்டுடுங்க.