மொட்டை மாடிக் கூண்டை வட்டமிடும் வல்லூறு

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
மொட்டை மாடியில் லவ்பேர்ட்ஸ் வைத்திருக்கிறேன். ஒரு வல்லூறு தினமும் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்காருகிறது. நேற்று கூண்டின்மேலேயே பாய்ந்துவிட்டது. இதுகள் மிரண்டு கம்பியில் ஒட்டிக்கொண்டு ஒரே கத்தல். தரையெல்லாம் பச்சை இறகு. உள்ளே எடுத்து வை என்கிறார் அம்மா. வெயில் வேண்டாமா அவற்றுக்கு?

பதில்:
கம்பியில் ஒட்டுவதுதான் ஆபத்தே. வல்லூறு நகத்தை உள்ளே விட்டுக் காலைப் பிடித்து இழுத்துவிடும். கூண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷில் (பற்றவைத்த கம்பிவலை) வெளிச்சுற்று ஒன்று அடியுங்கள். கோழிவலை வேண்டாம், எலி புகும். மேலே பாதிக்குத் தகடு போட்டால் ஒளிய இடமாயிற்று.

இன்னொரு பதில்:
எங்கள் தெருவில் குரங்குத் தொல்லை வேறு. கொக்கியை அழகாகத் திறக்கும்! சின்னப் பூட்டு போடுங்கள். சிந்திய தினையை மாலையே பெருக்கிவிடுங்கள், எலி வராது. அப்புறம், வல்லூறைக் கல்லால் அடித்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

கேட்டவர்:
சரி, மெஷ் இங்கே எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்குமா?

முதல் பதிலர்:
கிடைக்கும். மாட்டும் முன் வினிகர் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கம்பியைக் கடிக்கிற ஜாதி இது, துத்தநாகப் பூச்சு விஷம்.