ஷோரூமில் "ரொக்கம்"னு வாயைத் திறக்கலாமா?

சாவிக்கொத்து:
நம்ம மன்றத்துல டயர் பத்தின இழையில் "பழைய கிளட்ச்"ங்கிற உறுப்பினர் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கார்: "உள்ளே நுழைஞ்சதுமே ரொக்கம்னு சொல்லிடுங்க, விலை தானா இறங்கும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துது. புது கார் விக்கிறதில் டீலருக்கு வண்டி மேல வர்ற லாபம் ஒரு பை மட்டும்தான். கடன் நிறுவனம் தர்ற கமிஷன், இன்சூரன்ஸ் கமிஷன், ஆக்சசரீஸ், நீட்டிச்ச வாரண்டி, நீங்க கொடுக்கிற பழைய வண்டியைக் கைமாத்துறதுன்னு இன்னும் அஞ்சு பை இருக்கு. ரொக்கம்னதும் கடன் பை காலி. அந்த ஓட்டையை அவன் வேற எதுல அடைப்பான்? வண்டி விலையில இறங்க வேண்டிய இடத்துல இறங்க மாட்டான்.

முதல்ல வண்டி விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் தனித்தனியா எழுத்துல வாங்கணும். அது முடிஞ்சப்புறம் பழைய வண்டி. பணம் எப்படிக் கட்டப் போறோம்ங்கிறது கடைசி.

பழைய கிளட்ச்:
அண்ணே, என் ஒரு வரிக்குத் தனி இழையே திறந்துட்டீங்க, நன்றி. மாசக் கடைசியில், தயாரிப்பாளர் டீலருக்கு வச்ச விற்பனை டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறையுதுன்னு வைங்க. டார்கெட்டைத் தொட்டா, அந்த மாசம் வித்த அத்தனை வண்டிக்கும் சேர்த்து ஊக்கத்தொகை தர்ற தயாரிப்பாளர்கள் உண்டு. அந்த ஒரு வண்டியை நஷ்டத்துக்குக்கூட தள்ளிவிடுவான். கடன் ஃபைல் நாலு நாள் இழுத்தா மாசம் தாண்டிடும். ரொக்கம்னா அன்னிக்கே பில். இது தெரியாம பை, ஓட்டைன்னு தையல்கடை கணக்கு எதுக்கு?

சாவிக்கொத்து:
டார்கெட்ல எண்ணுறது வண்டியை. பணம் வந்த வழியை இல்லை. கடன் ஒப்புதலான வாடிக்கையாளருக்கும் கடன் நிறுவனம் கடன் தொகை முழுசையும் டீலர் கணக்குல மொத்தமா போட்டுடும். மாசாமாசம் கட்டுறது நீங்க, டீலருக்கு எல்லாமே ரொக்கம்தான்! இதுல உங்க ரொக்கத்துக்கு மட்டும் என்ன தனி வாசனை?

கணக்கன்:
ரொக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள் இருவரும்? நோட்டா, சேமிப்பிலிருந்து வங்கிப் பரிமாற்றமா, வெளி வங்கியில் நீங்களே வாங்கி வரும் கடனா? டீலருக்குக் கமிஷன் வராது என்ற வகையில் மூன்றாவதும் முதலிரண்டும் ஒன்றுதான். இதைத் தெளிவாக்கினால் பாதிச் சண்டை இருக்காது.

பழைய கிளட்ச்:
ரொக்கம்னா ரொக்கம். அகராதி வேற இழையில.

தமிழ்ச்சக்கரம்:
கார் அல்ல, மகிழுந்து. எத்தனை முறை சொல்வது?

ரிவர்ஸ் கியர்:
ஐயா வந்துட்டாரு. அப்போ கிளட்சுக்கு என்ன, "பழைய உரசுதட்டு"ன்னு பேரை மாத்திக்கச் சொல்லுங்க.

சாவிக்கொத்து:
ரொக்கத்துக்கே வர்றேன். வாயை மூடிக்கிட்டிருந்தா விற்பனையாளரே முதல்ல கேக்குறது: "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" இதுக்குப் பதில் சொல்லிட்டா ஆட்டம் முடிஞ்சுது. கடன் 1,00,000, வட்டி 10%, குறையும் நிலுவை முறை (அதாவது, பாக்கி இருக்கிற கடனுக்கு மட்டும் வட்டி). 60 மாசத்துக்கு மாதத் தவணை 2,125. அதையே 84 மாசமா நீட்டினா 1,660. 465 குறைஞ்சுதுன்னு சந்தோஷப்படுவீங்க, மொத்தத்துல கிட்டத்தட்ட 12,000 கூடுதலா கட்டுவீங்க. வண்டி விலையில ஒரு பைசா குறைஞ்சிருக்காது.

இன்னொண்ணு, "வெறும் 7 சதவீதம்"னு சொன்னா நிலையான வட்டியான்னு, அதாவது நீங்க கட்டக் கட்டக் குறையாம கடைசி வரைக்கும் முதல்ல வாங்கின முழுக் கடனுக்கும் போடுற ஃபிளாட் வட்டியான்னு கேளுங்க. அஞ்சு வருஷத்துக்கு நிலையான 7%னா தவணை 2,250. குறையும் நிலுவையில அது 12.5%.

பழைய கிளட்ச்:
பாத்தீங்களா? கடன்ல இத்தனை குழி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ ரொக்கம்னு முதல்லயே சொல்றதுதானே புத்திசாலித்தனம்?

சாவிக்கொத்து:
ரொக்கமா கட்டுறது வேற, ரொக்கம்னு முதல்லயே உளறுறது வேற! கேட்டா "அதை அப்புறம் பார்ப்போம், முதல்ல விலையைச் சொல்லுங்க", அவ்வளவுதான். டீசல் எஞ்சின் ஆயில் கறுத்தாலே மாத்தணும்னு எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டவர்கிட்ட இந்த வித்தியாசத்தை எதிர்பார்க்கிறது என் தப்புதான்.

பழைய கிளட்ச்:
அந்த இழை போன வருஷம் முடிஞ்சு போச்சு. கறுப்பு தானா ஒரு குறை இல்லைன்னு அப்பவே ஒத்துக்கிட்டேன். அதை இங்க இழுக்குறவருக்குச் சரக்கு தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்.

ரிவர்ஸ் கியர்:
ரெண்டு பேரும் ரொக்கத்தைக் கட்டிப்பிடிச்சுட்டே இருங்க. ரொம்ப நாளா விக்காம நிக்கிற நாள்பட்ட ஸ்டாக்கைத் தேடுங்கப்பா. டீலரும் அந்த வண்டியைப் பெரும்பாலும் கடன்லதான் எடுத்து நிறுத்தியிருப்பான், வட்டி தினமும் ஓடும், தள்ளிவிடத்தான் பார்ப்பான். டயர் பக்கச் சுவர்ல "DOT"ன்னு ஆரம்பிக்கிற டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க, டயர் செஞ்ச தேதி அது: 3524ன்னா 2024ல 35வது வாரம். வெளிப்பக்கம் அந்த நாலு இலக்கம் இல்லேன்னா உள்பக்கச் சுவர்ல இருக்கும், குனிஞ்சு பாருங்க. வண்டி அடையாள எண்ல (சேஸிஸ் எண்தான்) 10வது எழுத்து வருஷம். ஆர்னா 2024, எஸ்னா 2025.

சாவிக்கொத்து:
10வது எழுத்து எல்லா நாட்டுலயும் எல்லாத் தயாரிப்பாளருக்கும் வருஷம் கிடையாது. அது வட அமெரிக்காவுல கட்டாயம், அதுவும் மாடல் வருஷம்தான், செஞ்ச தேதி இல்லை. டயர் தேதியும் டயருக்குத்தான், வண்டிக்கு இல்லை. நாள்பட்ட வண்டின்னா பேட்டரி வோல்டேஜைப் பாருங்க. எஞ்சினை அணைச்சு சில மணி நேரம் கழிச்சு 12.4க்குக் கீழே இருந்தா சார்ஜ் இறங்கிக் கிடக்குதுன்னு அர்த்தம். சார்ஜ் ஏத்தியும் நிக்கலேன்னா புது பேட்டரி கேளுங்க. ஒரே இடத்துல நின்ன டயர் தட்டையாகியிருந்தா ஓட்டிப் பாக்குறப்போ ஸ்டியரிங் அதிரும். சில கிலோமீட்டர் ஓடியும் போகலேன்னா மாத்தச் சொல்லணும். பாக்கிப் பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி பில்லுல உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில உள்ளதும் ஒண்ணான்னு பாக்கணும்.

ரிவர்ஸ் கியர்:
நான் சொன்னதையே நாலு வரி நீட்டி, நான் சொன்னது தப்புன்னு முடிச்சிருக்கீங்க. சபாஷ்.

கணக்கன்:
கடன் எடுத்து விலையைக் குறைத்துவிட்டு அடுத்த மாதமே மூடலாம் என்பார்கள். முன்கூட்டி அடைப்புக் கட்டணம் என்ன என்று ஒப்பந்தத்தில் பார்க்காமல் செய்யாதீர்கள். சில மாதங்களுக்குள் மூடினால் பல நிறுவனங்கள் டீலருக்குக் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் "ஆறு மாதமாவது வைத்திருங்கள்" என்று கெஞ்சுவார்கள். மறுபடியும் கேட்கிறேன், ரொக்கம் என்றால்...

பழைய கிளட்ச்:
கெஞ்சட்டும். ரொக்கம்னா இந்தத் தலைவலியே இல்லை. முதல்லயே சொல்லுங்க, விலை இறங்கும்.

சாவிக்கொத்து:
பில்லுல எந்த இடத்துல இறங்கும்? வண்டி விலையிலயா, இல்லை "கையாளும் கட்டணம்"னு ஒண்ணைச் சேர்த்துட்டு அதைத் தள்ளுபடி பண்றதுலயா? பில்லுல அந்த இடத்தைக் காட்டுங்க.

தமிழ்ச்சக்கரம்:
பில் அல்ல, விலைச்சீட்டு.

பழைய கிளட்ச்:
ஐயா, "ரொக்கம்" மட்டும் உங்க கண்ணுல படவே இல்லையா?