நியூரோஃபைசின் கேரியர் புரதம்தானே? அப்புறம் ஏன் மார்க் போச்சு?

நிலா (நர்சிங் முதலாண்டு):
வணக்கம். இன்டர்னல் பேப்பர் இன்று கைக்கு வந்தது. "நியூரோஃபைசினின் பணி என்ன?" என்று 2 மார்க் கேள்வி. "ஆக்ஸிடோசின், வாசோபிரெசின் ஆகிய ஹார்மோன்களைப் பிட்யூட்டரியிலிருந்து ரத்தத்தின் வழியாகக் கருப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் சுமந்து செல்லும் கேரியர் புரதம்" என்று எழுதியிருந்தேன். மேடம் குறுக்கே கோடு போட்டுச் சுழியம் வைத்துவிட்டார். நோட்ஸிலும் கேரியர் புரதம் என்றுதான் இருக்கிறது. எங்கே தப்பு?

இன்னொரு சந்தேகம். நியூரோஃபைசின் பகுதியில் மரபணுப் பிழை வந்தால் டயாபடீஸ் இன்சிபிடஸ் (வாசோபிரெசின் குறைந்து, சிறுநீர் அளவுக்கு மீறிப் போய்த் தாகம் எடுக்கும் நோய்; சர்க்கரை நோய் அல்ல) வருமாம். ஹார்மோன் நன்றாக இருக்கும்போது, சுமக்கிற புரதம் கெட்டதற்கு ஏன் நோய் வர வேண்டும்?

செல்வா:
தைராய்டு ஹார்மோன் மாதிரிதான். தண்ணீரில் கரையாது, அதனால் ரத்தத்தில் போக ஒரு புரதம் வேண்டும். உங்கள் விடை சரி, மறுமதிப்பீடு கேளுங்கள்.

பழைய லேப்:
செல்வா தம்பி, அவசரப்பட்டு அந்தப் பிள்ளையை மேடத்திடம் அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் சொல்வது தைராய்டு ஹார்மோனான தைராக்ஸினுக்குப் பொருந்தும். ஆக்ஸிடோசினும் வாசோபிரெசினும் 9 அமினோ அமிலம் கொண்ட சின்ன பெப்டைடுகள். தண்ணீரில் நன்றாகவே கரையும். ரத்தத்தில் அவற்றுக்குத் துணை தேவையில்லை.

நிலா, 'கேரியர்' சரி, பாதைதான் தப்பு. மூளையிலுள்ள ஹைபோதாலமஸின் நரம்புச் செல்லில் ஹார்மோன் உருவாகிறது. அங்கிருந்து ஆக்ஸான் (நரம்புச் செல்லின் நீண்ட இழை) வழியாகப் பின் பிட்யூட்டரி வரைக்கும் சின்னச் சின்னத் துகள்களுக்குள் ஹார்மோனும் நியூரோஃபைசினும் சேர்ந்தே வருகின்றன. துகளுக்குள் அமிலத்தன்மை அதிகம், பிஎச் சுமார் 5.5. அதில் ஹார்மோன் நியூரோஃபைசினின் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். துகள் திறந்து ரத்தத்தில் கொட்டினால் பிஎச் 7.4. பிடி தளர்ந்து, நீர்த்துப்போய், இரண்டும் பிரிந்துவிடும். நீங்கள் "ரத்தத்தின் வழியாக" என்று எழுதிய இடத்தில்தான் சுழியம் விழுந்தது.

நிலா:
அய்யோ. சரி சார். ஆனால் இரண்டாவது சந்தேகம்?

பழைய லேப்:
அதுதான் நல்ல கேள்வி. நியூரோஃபைசின் தனியாக வந்து ஹார்மோனை ஏற்றிக்கொள்கிற வண்டி இல்லை. இரண்டும் ஒரே சங்கிலியாகப் பிறக்கின்றன. வாசோபிரெசின் மரபணுவிலிருந்து வரும் சங்கிலியில் முதலில் சமிக்ஞைப் பகுதி, அடுத்து ஹார்மோன் 9, பிறகு நியூரோஃபைசின் 93, கடைசியில் கோபெப்டின் என்ற துண்டு 39 அமினோ அமிலங்கள். வெட்டிப் பிரிப்பது பிறகு, துகளுக்குள். நியூரோஃபைசினில் மடிப்பைப் பிடித்து வைக்கும் 7 டைசல்ஃபைடு பிணைப்புகள் உண்டு. அதில் ஒன்று தவறினாலும் மொத்தச் சங்கிலியும் சரியாக மடியாது. மடியாதது, செல்லுக்குள் புரதம் மடியும் இடமான எண்டோபிளாச வலையிலேயே தேங்கும், துகளுக்குப் போகாது. அதோடு சேர்ந்து அந்த 9 அமினோ அமிலமும் மாட்டிக்கொள்ளும்.

தேங்கியது நாளடைவில் செல்லையே சாகடிக்கும். அதனால்தான் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தும் நோய் வருகிறது. பிறக்கும்போது குழந்தை சரியாகவே இருக்கும். மாதங்களோ வருடங்களோ கழித்துத்தான் தாகம் தொடங்கும்.

எலியில் கதை கொஞ்சம் வேறு. 1961இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கண்டறியப்பட்ட பிராட்டில்பரோ எலியில், நியூரோஃபைசின் பகுதியில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருக்கிறது. இரண்டு பிரதியும் கெட்ட எலிக்குத்தான் கடுமையான நோய். ஹார்மோனுக்கான எழுத்துகள் எலியிலும் அப்படியேதான் இருக்கின்றன, கவனியுங்கள்.

கௌசி அக்கா:
குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தபோது ஒரு பையன் வந்தான், இரண்டரை வயது. குளியலறை வாளியிலிருந்து மக்கில் மொண்டு குடிக்கிறான் என்று அம்மா அழுதார். சர்க்கரை நார்மல். சிறுநீர் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்பாவிடம் கேட்டால், "எனக்கும் அப்படித்தான் சிஸ்டர், ராத்திரி தலைமாட்டில் ஒரு சொம்பு இல்லாமல் படுக்க முடியாது. எங்கள் குடும்ப வாகு" என்றார். பாட்டி, அத்தை என்று வரிசையாக அதே கதை. வாசோபிரெசின் போல வேலை செய்யும் டெஸ்மோபிரெசின் மருந்து கொடுத்ததும் பையன் இரவு முழுக்கத் தூங்கினான். சுகர் என்று பயந்து வீட்டில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள், அது ஆபத்து. நிலா, வார்டுக்குப் போகும்போது குடும்பத்தைப் பற்றிக் கேட்க மறக்காதே.

செல்வா:
சார், மன்னிக்கவும். நான் தைராய்டில் போய் விழுந்துவிட்டேன். என் நோட்ஸில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு, 'ஹார்மோன் கேரியர்கள்'.

பழைய லேப்:
அந்தத் தலைப்புதான் எல்லோரையும் தள்ளிவிடுகிறது. தைராக்ஸினின் கேரியர் செல்லுக்கு வெளியே, ரத்தத்தில். நியூரோஃபைசின் செல்லுக்குள், துகளில்.

நிலா:
மேடத்திடம் போய்ப் பேசினேன். "ஆக்ஸான் வழியாக, துகளுக்குள்" என்று சொன்னதும் சிரித்துவிட்டார். கேரியர் என்ற சொல்லுக்காக அரை மார்க் போட்டிருக்கிறார். மீதி ஒன்றரை கிடைக்காதாம்.